சரி அப்ப, வாறன்: ஆங்கிலத்தில் விடைபெறும் விதங்கள்

ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கப் பழக்கும் வகுப்புகள் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. முதல் நாளே எழுப்பி நிறுத்தி “ஹலோ, மை நேம் இஸ்” என்று சொல்ல வைத்துவிடுவார்கள். பேச்சை முடிக்கும் விதத்தை மட்டும் யாரும் பெரிதாகச் சொல்லித் தருவதில்லை. “பை” என்ற ஒற்றைச் சொல்லோடு காரியம் முடிந்துவிடும் என்பது எண்ணம். ஓகஸ்ட் மாதம் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வந்து நிற்கும் மச்சான்மாரோடும் மச்சாள்மாரோடும் கொஞ்சம் பழகினால் தெரியும், அது போதாது என்று. ஒருத்தர் “சீ யூ லேற்றர்” என்பார். இன்னொருத்தர் “சியர்ஸ்” என்பார். மூன்றாமவர் “ஹாவ் எ குட் வன்” என்றுவிட்டு ஓட்டோவில் ஏறிப் போய்விடுவார். கேட்டுக்கொண்டு நிற்பவருக்கு ஒரு சிரிப்புத்தான் வரும், பதில் வராது.

இவற்றில் இலக்கணக் கஷ்டம் எதுவும் இல்லை. யாரிடம் சொல்கிறோம், அடுத்து எப்போது காணப்போகிறோம், நேரிலா போனிலா என்று பார்த்தாலே பெரும்பாலும் சரியான சொல் அகப்பட்டுவிடும். அதைவிட முக்கியம் அந்தச் சொல்லுக்கு முன்னால் வருகிற சில சில்லறைச் சொற்கள். என் எண்ணத்தில் விடைபெறுவதன் முக்கால் பங்கு அங்கேதான் இருக்கிறது. முதலில் சொற்களைப் பார்த்துவிட்டு அதற்கு வருவோம்.

பையும் குட்பையும்

“பை” எவருக்கும் சொல்லலாம். அதிபருக்கும், கடைக்காரருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும். முன்னால் ஒரு “தாங்க் யூ” சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. வேறெதுவும் வராத நேரத்தில் இதைச் சொல்லித் தப்பலாம், யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

“பை பை” கொஞ்சம் செல்லமான சொல். குழந்தைகளுக்குச் சொல்வது. பெரியவர்களும் போனில் சொல்வார்கள், அயர்லாந்துக்காரர் போனை வைக்கும்போது “பை பை பை பை” என்று அடுக்கிக்கொண்டே போவது பேர்போன பழக்கம். நாங்கள் கைக்குழந்தைக்குக் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டும் “டாட்டா”வும் பிரித்தானியக் குழந்தைப் பேச்சில் இருந்து வந்ததுதான். அங்கே பெரியவர்கள் சிலர் இன்னும் விளையாட்டாகச் சொல்வதுண்டு. நீங்கள் நேர்முகப் பரீட்சை முடிந்து எழும்பும்போது சொல்லாதீர்கள்.

“குட்பை”தான் பலரை ஏமாற்றுவது. முழுச் சொல் என்பதால் அதுதான் மரியாதையான சொல் என்று நினைக்கிறோம். கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்ற ஆங்கில வாழ்த்து 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேய்ந்து சுருங்கி வந்தது அது. இன்று இரண்டு இடங்களில்தான் அதிகம் கேட்கும். ஒன்று, வங்கியோடோ கம்பனியோடோ பேசும் போன் அழைப்பின் முடிவு. மற்றது, இனிக் காண்பது சந்தேகம் என்ற பிரிவு: ஊரைவிட்டுப் போகிறவர், முறிந்துபோன காதல், மரணப்படுக்கை. நாளைக்கு வகுப்பில் காணப்போகும் சிநேகிதியிடம் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு “குட்பை” என்றால், என்ன கோபமோ என்று அவள் யோசிப்பாள். பிழையான ஆங்கிலம் இல்லை, பாரம் கூடிய ஆங்கிலம்.

“ஃபெயார்வெல்” பேச்சில் வேண்டவே வேண்டாம். அது பாடசாலைப் பிரியாவிடை விழாவின் பதாகையில் இருக்க வேண்டிய சொல்.

வாறன் என்பதை என்ன செய்வது?

வீட்டுப் படலையில் நின்று “போறன்” என்று சொன்னால் அம்மா விடமாட்டார். “போட்டு வாறன் எண்டு சொல்லு” என்று திருத்திவிட்டுத்தான் மறுவேலை. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறவர் “ஐ ஆம் கமிங்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறுவார். கேட்ட கனடாப் பிள்ளைக்குத் தலை சுற்றும். வருகிறேன் என்று சொன்ன ஆள் எதிர்ப்பக்கமாகப் போகிறாரே!

“ஐ வில் கோ அண்ட் கம்” என்பது வேறு கதை. கொழும்பிலும் சென்னையிலும் அதைச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எங்கள் பக்கத்து ஆங்கிலத்தில் அது ஊறிப்போன வழக்கு, அதற்காக வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் லண்டனில் பிறந்து வளர்ந்த ஒருவர் அதைக் கேட்டால், நீங்கள் சந்திக் கடைக்குப் போய் ஏதோ வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரத்தில் திரும்புவீர்கள் என்றே எடுத்துக்கொள்வார். தேநீரை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அந்த இடத்தில் அவர்கள் சொல்வது “ஐ ஆம் ஓஃப்” அல்லது “ஐ ஆம் ஹெடிங் ஓஃப்”. சிநேகிதர் நடுவே இது இயல்பு. கொஞ்சம் பணிவு வேண்டுமென்றால் “ஐட் பெற்றர் பீ கோயிங்”, “ஐ ஷுட் கெற் கோயிங்”. போக விருப்பமில்லை, போகவேண்டி இருக்கிறது என்ற தொனி அதில் உண்டு. மாமி வீட்டில் சாப்பிட்டு முடித்த கையோடு எழும்பும்போது “அப்ப நான் வெளிக்கிடப் போறன் மாமி, இருட்டுது” என்று இழுப்போமே, அதே தொனி. உண்மையாகவே திரும்பி வருவதானால் “ஐல் பீ பாக்” என்றும், உடனே வருவதானால் “பாக் இன் எ மினிற்” என்றும் சொல்லலாம்.

ஆங்கிலத்தில் போகிறேன் என்பதில் அபசகுனம் எதுவும் கிடையாது. இருந்தாலும் வீட்டில் அப்பம்மா கேட்டுக்கொண்டு இருந்தால், எந்தப் பாஷையிலும் அவருக்குக் கேட்கும்படி ஒரு “வாறன்” சேர்த்துச் சொல்லிவிடுவதே நிம்மதி.

சீ யூ என்று தொடங்குபவை

குழப்பம் அதிகம் உள்ள குடும்பம் இதுதான். “சீ யூ” என்பதற்குப் பின்னால் எது ஒட்டுகிறதோ அதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது.

“சீ யூ ருமோரோ”, “சீ யூ ஒன் மன்டே” என்று நாள் சொல்லிவிட்டால் அது ஏறக்குறைய வாக்குறுதி. போகாமல் விட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். பேசும்போதே நேரமும் இடமும் ஒழுங்குபண்ணிவிட்டீர்கள், நாளை பின்னேரம் 4 மணிக்கு நூலகத்துக்கு முன்னால் என்று. அப்போது “சீ யூ தென்” என்று முடிக்கலாம். இடத்தை நினைத்துச் சொல்வதானால் “சீ யூ தெயார்”.

“சீ யூ சூன்” நம்பிக்கையின் பக்கம் சாய்ந்தது. பலாலி விமான நிலையத்தில் நின்று, அடுத்த வருகை எந்த வருடம் என்றே தெரியாத ஒருவர் கட்டிப்பிடித்து “சீ யூ சூன்” என்றால், அதைத் தேதியாக எடுக்கக்கூடாது. அன்பாக எடுக்க வேண்டும்.

“சீ யூ லேற்றர்” பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிறகு காண்போம் என்று இருக்கிறது. ஆகவே இன்றைக்கே திரும்பவும் வரப்போகிறார் போல என்று நினைத்து, “வென்?” என்று கேட்டுவிடுகிறோம். கேட்கக் கூடாது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் அது வெறும் “பை”தான். இனி ஒருநாளும் காணாத ஒருவருக்குக்கூடச் சொல்வார்கள். எங்கள் “பிறகு காண்பம்” எந்தக் கலண்டரில் குறித்துவைக்கப்படுகிறது? அதுபோலத்தான். அதே சொல்லை ஒரே வீட்டில் இருப்பவர் காலையில் வேலைக்குப் போகும்போது சொன்னால் உண்மையாகவே பின்னேரம் காண்போம் என்று அர்த்தமாகும். ஆளையும் இடத்தையும் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

“சீ யூ அரௌண்ட்” இன்னும் தளர்வானது. திட்டம் எதுவும் இல்லை, எங்கேயாவது தட்டுப்பட்டால் காண்போம் என்பது பொருள். ஒரே வளாகத்தில் படிக்கும் அறிமுகமானவர்களுக்குப் பொருந்தும். நெருக்கமான ஒருவரிடம் சொன்னால் குளிரும். இரண்டு மூன்று முறை சந்தித்துப் பேசிய பெண் கடைசியில் “சீ யூ அரௌண்ட்” என்று சொல்லிவிட்டுப் போனால், தம்பி, அவளின் அழைப்பை எதிர்பார்த்துப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருக்காதே.

“சீ யா”, “லேற்றர்”, “லேற்றர்ஸ்”, “கச் யூ லேற்றர்” எல்லாம் இளசுகளின் சொற்கள். சம வயதுச் சிநேகிதருக்குச் சரி. புதிதாக ஆங்கிலம் பழகுகிறவர்கள் இவற்றை அவசரப்பட்டு எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. மற்றப் பேச்செல்லாம் பாடப்புத்தகம் போல இருக்க, விடைபெறுதல் மட்டும் ரொறன்ரோத் தெருவில் இருந்து வந்தது போல இருந்தால் பொருத்தமாக இராது. கேட்டால் விளங்கினால் போதும்.

போனில் பேசும்போது “சீ யூ” என்பதற்குப் பதிலாக “ரோக் சூன்” அல்லது “ரோக் ரு யூ லேற்றர்” என்பார்கள். எங்கள் “பிறகு கதைப்பம்” அப்படியே. இங்கிலாந்தில் “ஸ்பீக் சூன்” என்றும் கேட்கும். நாளைக்கு நேரில் காணப்போகிறவரோடு போனில் பேசினால் “சீ யூ ருமோரோ” சொல்வதில் தடையில்லை.

இரவு வணக்கமும் இரவு விடையும்

இது சின்ன விஷயம், ஆனால் நாளாந்தம் நடக்கும் பிழை. இரவு எட்டு மணிக்கு ஒருவரைக் கண்டவுடன் “குட் நைற்” என்று சொல்கிறோம். இருட்டிவிட்டதே என்பது எங்கள் நியாயம். ஆங்கிலத்தில் “குட் நைற்” போகும்போது மட்டும், அல்லது படுக்கப் போகும்போது. காணும்போது எவ்வளவு இருட்டினாலும் “குட் ஈவினிங்”தான். பின்னேரம் பிரியும்போது “ஹாவ் எ குட் ஈவினிங்” என்று முன்னால் “ஹாவ் எ” போட்டுவிட்டால் அது விடைபெறுதல் ஆகிவிடும். “ஹாவ் எ நைஸ் டே”, “ஹாவ் எ குட் வீக்கெண்ட்” எல்லாம் இதே அச்சுத்தான். “ஹாவ் எ குட் வன்” வட அமெரிக்காவில் அதிகம் கேட்கும், நாளோ பொழுதோ எதுவானாலும் நன்றாக அமையட்டும் என்று பொதுவில் சொல்வது. “குட் டே” என்று மட்டும் சொல்லிப் பிரிவது பழைய பாணி, சில வேளை உன்னோடு இனிப் பேச்சில்லை என்ற வெடுக்கும் அதில் இருக்கும். அவுஸ்திரேலியாவில் அதே சொல்லைச் சுருக்கி “கிடே” என்றால் அது வணக்கம், விடை அல்ல.

சொல்லுக்கு முன்னால் வருவது

இனி நான் முக்கியம் என்று சொன்ன பகுதி. இமானுவேல் ஷெக்லொஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், மனிதர்கள் பேச்சை எப்படி முடிக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் காட்டியது இது: பேச்சு தானாக நின்றுவிடுவதில்லை, சட்டென்று “பை” சொல்லியும் முடிவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அதை மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வர வேண்டும். “வெல்”, “ஓகே”, “சோ” போன்ற சொற்களை ஒருவர் இழுத்துச் சொல்வார். எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, உனக்கு ஏதும் இருந்தால் இப்போது சொல் என்பது அதன் பொருள். மற்றவரும் “ஓகே” என்றால் கதவு பாதி சாத்தியாயிற்று. பிறகுதான் “பை”.

இது எங்களுக்குப் புதிதா என்ன? வெளிநாட்டு மாமியோடு வைபரில் கதைத்து முடிக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள்.

“வேற என்ன மாமி?”

“வேற ஒண்டும் இல்லையடா தம்பி. அப்ப சரி.”

“ஓம் மாமி, நாளைக்கு வெள்ளன எழும்போணும்.”

“சரி சரி, நீ போய்ப் படு. வைக்கட்டே?”

“ஓம், பிறகு எடுக்கிறன்.”

“கவனமா இரு, என்ன.”

இதில் “வேற என்ன”வும் “அப்ப சரி”யும்தான் கதவைச் சாத்தும் சொற்கள். அவை இல்லாமல் மாமி சொல்லிக்கொண்டிருக்கும்போதே “வைக்கிறன்” என்றால் அடுத்த நாள் அம்மாவுக்கு முறைப்பாடு போகும். ஆனால் ஆங்கிலம் என்று வந்தவுடன் இந்தப் பண்பையெல்லாம் மறந்துவிடுகிறோம். பதற்றத்தில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு “ஓகே பை” என்று வெட்டிவிடுகிறோம். கேட்கிறவருக்கு அது முகத்தில் கதவடைத்தது போலிருக்கும்.

ஆங்கிலத்திலும் அதே ஒழுங்கில் போகலாம்.

“எனிவே, ஐட் பெற்றர் லெற் யூ கோ.”

“யெஸ், ஐ ஹாவ் அன் ஏர்லி ஸ்ரார்ற் ருமோரோ.”

“ஓகே தென். லவ்லி ரோக்கிங் ரு யூ.”

“யூ ரூ. ரோக் சூன்.”

“ரேக் கெயார். பை.”

“பை.”

முதலில் “எனிவே”. இங்கிலாந்தில் “ரைற்” என்று தொடையில் ஒரு தட்டுத் தட்டி எழும்புவார்கள், அதுவும் இதே வேலைதான் செய்கிறது. அடுத்தது காரணம். அதன் பிறகு நன்றியோ சந்தோஷமோ. கடைசியில்தான் விடை. “எனிவே” என்ற ஒரு சொல்லைப் பழகினாலே உங்கள் ஆங்கிலம் திடீரென்று பக்குவப்பட்டது போல் கேட்கும்.

“ஐல் லெற் யூ கோ” என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். உனக்கு வேலை இருக்கும், நான் மறிக்கவில்லை, போய் வா என்று சொல்வது போல இருக்கிறது. உண்மையில் பெரும்பாலும் போக வேண்டியது சொல்கிறவர்தான்! “நோ நோ, ஐ ஆம் ஃப்ரீ” என்று பதில் சொல்லி இன்னும் அரை மணித்தியாலம் பிடித்துவைக்காதீர்கள்.

போனை வைக்கிறேன் என்பதற்கு “ஐ ஆம் கீப்பிங் த ஃபோன்” என்று சொல்பவர்களும் உண்டு. அது நான் இந்தப் போனைத் திருப்பித் தரப்போவதில்லை என்றே கேட்கும். “ஐ ஹாவ் ரு கோ” அல்லது “ஐட் பெற்றர் கோ” போதும். “ஹாங் அப்” என்றால் போனை வைப்பதுதான். “ஒன்” என்ற சொல் ஒட்டி ஒருவர் மேல் “ஹாங் அப்” செய்தார் என்றால், பேசிக்கொண்டிருக்கும்போதே முறைத்துக்கொண்டு துண்டித்தார் என்று ஆகிவிடும்.

அன்பும் நன்றியும் கலந்தவை

“ரேக் கெயார்” எங்கள் ஆட்களுக்குப் பிடித்த சொல், “கவனம் என்ன” என்பதற்கு அது நல்ல சோடி. சிநேகிதருக்கும் சொல்லலாம், கொஞ்சம் பழகிய மேலதிகாரிக்கும் சொல்லலாம். சுகமில்லாதவருக்குச் சொல்வதானால் “லுக் ஆஃப்ற்றர் யோர்செல்ஃப்” இன்னும் இதமாக இருக்கும்.

“சியர்ஸ்” என்றால் எங்களுக்குக் கிளாஸ் முட்டும் சத்தம்தான் நினைவுக்கு வரும். பிரித்தானியாவில் பஸ்ஸால் இறங்கும்போது சாரதிக்குச் சொல்வதும் அதுதான், நன்றியும் விடையும் சேர்ந்து ஒரே சொல்லில் வந்துவிடும். பேர்மிங்காமிலும் வட இங்கிலாந்திலும் “ரரா” என்று ஒன்று கேட்கும். அவுஸ்திரேலியாவின் பழைய ஆட்கள் “ஹுரூ” என்பார்கள். அமெரிக்காவின் “சோ லோங்” இன்று பழைய காலத்துப் பேச்சு. இவையெல்லாம் கேட்டு விளங்க மட்டும்.

“சியரியோ”வை யாழ்ப்பாணத்தில் வயதானவர்கள் வாயில் கேட்க நேரலாம். 1816இல் அமெரிக்க மிஷன் வந்து இறங்கி, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கி, 1841இலேயே தமிழும் ஆங்கிலமும் கலந்து உதயதாரகை பத்திரிகை வெளிவந்த ஊர் இது. ஆங்கிலம் இங்கே பழசு, அதனால் சில வீடுகளில் ஆங்கிலமும் பழசாகவே இருக்கிறது. அம்மப்பா “சியரியோ” என்றால் அழகு. பேரன் லண்டனில் சொன்னால் பகிடி என்று நினைப்பார்கள்.

பயணம் போகிறவருக்கு நாங்கள் சொல்லும் “ஹப்பி ஜேர்னி” எங்கள் பக்கத்து நாடுகளின் ஆங்கிலம். விருந்தினர் விடுதியில் வேலை செய்யும் பிள்ளைகள் வெள்ளைக்காரரை வழியனுப்பும்போது “சேஃப் ரவல்ஸ்”, “ஹாவ் எ சேஃப் ஜேர்னி”, “என்ஜோய் த ரெஸ்ற் ஒஃப் யோர் ரிப்” என்று சொல்லிப் பழகலாம். இரவில் வீடு திரும்பும் சிநேகிதிக்கு “ரெக்ஸ்ற் மீ வென் யூ கெற் ஹோம்”. போய்ச் சேர்ந்தவுடன் ஒரு கோல் எடு என்று அம்மாமார் சொல்வதுதான், எழுத்துச் செய்தியாகிவிட்டது.

முதன்முதலாகச் சந்தித்தவரிடம் பிரியும்போது “நைஸ் மீற்றிங் யூ”. இரண்டாம் முறை அதைச் சொன்னால் முதல் முறை மறந்துவிட்டதாக ஆகும், “குட் ரு சீ யூ” என்று மாற்ற வேண்டும்.

இந்த வாழ்த்துகளுக்கெல்லாம் பதில் ஒன்றேதான்: “யூ ரூ”. வாய்க்கு அது பழகிவிட்டால் ஒரு ஆபத்தும் உண்டு. கட்டுநாயக்கவில் அதிகாரி கடவுச்சீட்டைத் திருப்பித் தந்து “ஹாவ் எ சேஃப் ஃபிளைற்” என்பார். அவர் எங்கேயும் பறக்கப் போவதில்லை, “தாங்க் யூ” மட்டும் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களே அந்த இடத்தில் “யூ ரூ” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வதுண்டு.

இன்னொரு சங்கடம் எல்லா ஊருக்கும் பொது. அழகாக “பை, ரேக் கெயார்” எல்லாம் சொல்லி முடித்த பிறகு பார்த்தால் இரண்டு பேரும் ஒரே பக்கமாகத்தான் நடக்க வேண்டும். எங்களுக்கு அது பிரச்சினையே இல்லை, “வாறன்” சொன்ன பிறகு படலையில் நின்று இன்னொரு முழுக்கதை கதைப்பவர்கள் நாங்கள். ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டு கூடவே நடந்துவிட்டு, சந்தியில் பிரியும்போது “பை அகெய்ன்” என்றால் சரி.